வரவைத்துப் பார்த்தோம், வரவில்லை

மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று போனில் நான் பாதி பேசிக்கொண்டிருக்கும்போதே, "அக்கா, கத்தாத. எதுவா இருந்தாலும் எழுத்துல குடு" என்று சொல்லிவிட்டு டொக்கென்று வைத்தாய். இந்தா, எழுத்தில் தருகிறேன். வாங்கிக்கொள்.

நீ செய்துகொடுத்த புரோகிராம் லேபிளில் பெயரை மாற்றி அடிக்கிறது. இதை உங்கள் கம்பெனியின் புகார்ப் பக்கத்தில் ஐந்து மாதத்தில் பதினொரு தடவை எழுதியாகிவிட்டது. பதினொன்றுக்கும் ஒரே பதில். "வரவைத்துப் பார்த்தோம், வரவில்லை. புகார் மூடப்பட்டது." அந்தக் கோளாறை அங்கே வரவைத்துப் பார்த்தோமாம்! யார் யார் பார்த்தீர்கள்? நீயும் உன் சுழல் நாற்காலியுமா?

எங்கள் ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் எடுக்க இரண்டு கவுண்டர். முதலாவதில் நான். இரண்டாவதில் ஒரு அம்மா. பிள்ளைகளை வளர்க்கப் பத்து வருடம் வீட்டில் இருந்துவிட்டு, போன அக்டோபரில்தான் மறுபடி வேலைக்கு வந்தவள். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் செய்யமாட்டாள். நான் மூன்று பேரை முடித்து அனுப்பும் நேரத்தில் அவள் ஒருவரை முடிப்பாள். அதனால் லேபில் எல்லோரும் அவளை நிதானம் என்றுதான் கூப்பிடுவோம்.

பிப்ரவரி 26 அன்று அவள் முன்னால் ஒரு தையல்காரப் பெண், என் முன்னால் ஒரு டீச்சர். தையல்காரியின் ரத்தம் எடுத்த குழாயில் டீச்சரின் பெயரோடு லேபிள் ஒட்டியிருக்கிறது. அவ்வளவுதான். தையல்காரிக்கு ரத்தமே இல்லை என்று வந்த ரிசல்ட் டீச்சரின் பெயரில் போய்விட்டது. நல்லா இருந்த டீச்சரைப் பிடித்துக் கட்டிலில் படுக்கவைத்தார்கள். தையல்காரியிடம், "உங்க சாம்பிள் வரல, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அவள் வீட்டு மாடிப்படியில் மயங்கி விழுந்து, மண்டையில் ஒன்பது தையல் போட்டு, இப்போது எங்கள் வார்டிலேயே கிடக்கிறாள்.

பழி நிதானத்தின் தலையில். கவனக்குறைவாம். மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 24-ஆம் தேதி விசாரணை. அதில் வேலை போய்விடும் என்று மேனேஜர் இப்போதே சொல்லிக்கொண்டு திரிகிறார். உன் புரோகிராமை வாங்கச் சொல்லி நாலு பேரிடம் பல்லைக் காட்டினவள் நான். இப்போது அவள் முகத்தில் எப்படி முழிப்பேன்?

அக்கா

---

மார்ச் 4

அக்காவுக்கு,

படித்தேன். தையல்காரப் பெண்ணுக்கு நடந்தது கொடுமை. ஆனால் உன் கடிதத்தில் திட்டை எடுத்துவிட்டால் எனக்கு மிஞ்சுவது என்ன தெரியுமா? "பெயரை மாற்றி அடிக்கிறது." மூன்று வார்த்தை.

உன் பெயரில் வந்த புகார்களில் சிலதை இங்கே எழுதுகிறேன், நீயே படித்துப் பார். "வேலை செய்யல." "மறுபடியும் அதே." "என்னப்பா இது, விளையாடுறீங்களா?" "நீங்கல்லாம் உருப்படவே மாட்டீங்க." இதை வைத்து நான் எதைத் திறந்து எங்கே தேட? ஒரு டாக்டர் "ரத்தம் பாருங்க" என்று மட்டும் சீட்டு எழுதி அனுப்பினால் நீ என்ன செய்வாய்? எதைப் பார்க்க, எந்தக் குழாயில் எடுக்க என்று அவர் காதில் விழுகிற மாதிரி கத்துவாயா மாட்டாயா?

எனக்குத் தேவையானது இதுதான். நீ என்ன செய்தாய், வரிசையாக. என்ன வரும் என்று நினைத்தாய். அதற்குப் பதில் என்ன வந்தது. எத்தனை மணிக்கு, எந்தக் கம்ப்யூட்டரில், எந்த எண். முக்கியம் இல்லை என்று நீயாக எதையும் விட்டுவிடாதே, எது முக்கியம் என்று எனக்கே தெரியாது. ஏன் வந்தது என்ற உன் ஆராய்ச்சி எனக்கு வேண்டாம். நீ சொல்கிற மாதிரியே செய்தால் என் கண் முன்னால் அது வர வேண்டும். வந்தால்தான் என்னால் கையை வைக்க முடியும்.

"நான் ஒண்ணும் பண்ணல, தானா வந்துச்சு" என்று மட்டும் எழுதாதே. ஹாலில் மாட்டியிருந்த கடிகாரமும் "தானா விழுந்துடுச்சு" என்றுதான் அப்பாவிடம் சொன்னாய். முதுகில் வாங்கியது நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. இன்னும் மறக்கவில்லை.

தம்பி

---

மார்ச் 6

டேய்,

கடிகாரத்தை இழுக்காதே, சொல்லிட்டேன். ஒருத்தி வேலை போகப்போகிறது, இவனுக்கு முப்பது வருடத்துக்கு முந்தின அடி வலிக்கிறதாம்!

நீ கேட்டபடியே எழுதுகிறேன். பிப்ரவரி 26, காலை 11:20 இருக்கும். இரண்டாம் கவுண்டர் கம்ப்யூட்டர். தையல்காரி வந்து உட்கார்ந்தாள். நிதானம் அவள் எண்ணை அடித்தாள். திரையில் பெயர் சரியாக வந்தது. "உங்க பேரை நீங்களே சொல்லுங்கம்மா" என்று கேட்டாள். அவள் எப்போதும் அப்படித்தான், நோயாளியின் வாயாலேயே சொல்லவைப்பாள். வயது, தெரு எல்லாம் கேட்டாள். ரத்தம் எடுத்தாள். ஊசியை உருவும்போது அந்தப் பெண்ணுக்குக் கண் சொருகிவிட்டது. ஒரு கையால் அவள் தலையைத் தாங்கிக்கொண்டு, மறு கையால் பட்டனை அழுத்தி, லேபிளைக் கிழித்து ஒட்டினாள். வழக்கமாக லேபிளையும் ஒரு தடவை படிப்பாள். அன்றைக்குப் படிக்கவில்லை. படிக்க அவளுக்கு மூன்றாவது கை இல்லை.

தையல்காரியின் பெயர் வந்திருக்க வேண்டும். டீச்சரின் பெயர் வந்தது. இதற்கு முன்னாலும் அவளுக்கு இப்படி வந்திருக்கிறது, ஒட்டுவதற்கு முன்பே பார்த்துத் தூக்கிப் போட்டிருக்கிறாள். எனக்கு ஒரு தடவைகூட வந்ததில்லை. போதுமா? இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

அம்மா கேட்கிறாள், "அவன் என்னடி, முட்டி வலி எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்று. கேட்டான் என்று பொய் சொன்னேன். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

அக்கா

---

மார்ச் 9

அக்காவுக்கு,

இரண்டு நாள் வேறு எந்த வேலையும் பார்க்கவில்லை. நீ எழுதினபடியே, எண்ணை அடித்து, காத்திருந்து, பட்டனை அழுத்தி, அறுபது லேபிள் அடித்துப் பார்த்தேன். அறுபதிலும் சரியான பெயர். பிரிண்டரை மாற்றினேன். நெட்டைப் பிடுங்கி மறுபடி மாட்டினேன். தலையைத் தாங்குகிற மாதிரி இடது கையால்கூட அழுத்திப் பார்த்தேன். பக்கத்து மேஜைக்காரன், "என்ன சார், பிரிண்டருக்கு வைத்தியமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறான்.

கோபப்படாமல் கேள். பெயர் மாறினது எல்லாம் அவள் கவுண்டரில். உனக்கு ஒன்றுகூட இல்லை. அதே புரோகிராம், அதே பிரிண்டர். அப்படியென்றால் கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை அக்கா. பத்து வருடம் வீட்டில் இருந்தவர், பழக்கம் விட்டுப்போயிருக்கும். தப்பான எண்ணை அடித்திருப்பார். நல்ல மனுஷி என்பதற்காக இல்லாத கோளாறை நான் எங்கிருந்து கொண்டுவர?

அம்மாவின் முட்டிக்கு என்ன மருந்து தருகிறார்கள் என்று எழுது.

தம்பி

---

மார்ச் 10

அடப்பாவி,

மேனேஜர் என்ன சொன்னாரோ அதையே நீயும் சொல்கிறாய். "அவங்க போனதுக்கு அப்புறம் ஒரு லேபிளாவது மாறியிருக்கா? பாருங்க" என்று நேற்று எல்லோர் முன்னாலும் கேட்டார். எப்படி மாறும்? இரண்டாம் கவுண்டரே மூடிக் கிடக்கிறது. நான் ஒருத்திதான் இடுப்பொடிய இரண்டு வரிசையையும் பார்க்கிறேன். ஆனால் அவர் கேட்டபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது.

பழக்கம் விட்டுப்போயிருக்குமாம்! அவளை நீ பார்த்திருக்கிறாயா? குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைப்பாள். வீட்டுக்குக் கிளம்பும்போது பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். அவள் தப்பான எண்ணை அடித்தாள் என்று நான் நம்ப வேண்டுமானால், அம்மா காப்பியில் உப்பைப் போட்டாள் என்றும் நம்ப வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், மனசைத் தொட்டுச் சொல். பதினொரு புகாரையும் நீ படித்தாயா? முழுசாக, கடைசி வரி வரைக்கும்? அல்லது என் பெயரைப் பார்த்ததும் மூடினாயா?

அக்கா

---

மார்ச் 12

அக்காவுக்கு,

படிக்கவில்லை.

உன் பெயர் வந்தாலே, சரி, அக்கா திட்ட ஆரம்பிச்சுட்டா என்று நினைத்து, ஏற்கனவே எழுதிவைத்திருந்த பதிலை ஒட்டி மூடிவிடுவேன். முதல் மூன்றைத்தான் உண்மையாக வரவைத்துப் பார்த்தேன். நேற்று மீதி எட்டையும் உட்கார்ந்து படித்தேன். ஏழு உன்னுடையதுதான், சந்தேகமே இல்லை. ஒன்றில் என்னை எருமைமாடு என்றுகூடச் சொல்லியிருக்கிறாய். அதை என் முதலாளியும் படிப்பார் என்று தெரியுமா உனக்கு?

ஆனால் புகார் எண் 212. இது என்ன? அப்படியே எழுதுகிறேன்.

"ஜனவரி 16, காலை 10:42. இரண்டாம் கவுண்டர் கம்ப்யூட்டர். நோயாளியின் எண்ணை அடித்தேன், அவர் பெயர் திரையில் வந்தது. பெயரும் வயதும் கேட்டுச் சரிபார்த்தேன். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் முதல் கவுண்டரில் வேறொரு நோயாளியின் பக்கத்தைத் திறந்தார்கள். பிறகு நான் பட்டனை அழுத்தினேன். என் நோயாளியின் பெயர் வந்திருக்க வேண்டும். முதல் கவுண்டர் நோயாளியின் பெயர் வந்தது. லேபிளை ஒட்டவில்லை, பத்திரமாக எடுத்துவைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் அனுப்புகிறேன். சிரமத்துக்கு மன்னிக்கவும்."

இந்த வேலைக்கு வந்து பதினான்கு வருடத்தில் இவ்வளவு ஒழுங்கான ஒரு புகாரை நான் பார்த்ததில்லை. இதை நான்கு நிமிடத்தில் மூடியிருக்கிறேன்.

இது நீ எழுதினது இல்லை. நீ செத்தாலும் "சிரமத்துக்கு மன்னிக்கவும்" என்று எழுதமாட்டாய். ஆனால் உன் லாகினிலிருந்து வந்திருக்கிறது. அன்றைய பதிவுகளை எடுத்துப் பார்த்தேன். 10:42-க்கு முதல் கவுண்டரில் உன் லாகினில் ஒரு நோயாளி திறந்திருக்கிறது. இரண்டாம் கவுண்டரிலும் உன் லாகினில் ஒரு நோயாளி திறந்திருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு நாற்காலியில் நீ எப்படி உட்கார்ந்தாய்?

தம்பி

---

மார்ச் 13

தம்பி,

அதைக் கேட்காதே. அதற்கும் லேபிளுக்கும் சம்பந்தம் இல்லை. வேறு எதையாவது பார்.

அக்கா

---

மார்ச் 13, மாலை

அக்கா,

சம்பந்தம் இருக்கா இல்லையான்னு நீ சொல்லாதே! முதல் கடிதத்திலேயே தலையில் அடித்துக்கொண்டு எழுதினேன், எதையும் நீயாக விட்டுவிடாதே என்று. அறுபது லேபிள் அடித்தேனே, இரண்டு நாள் பைத்தியக்காரன் மாதிரி. ஒரு கம்ப்யூட்டரில், ஒரு லாகினில். நீ இதைச் சொல்லியிருந்தால் இரண்டாவது லேபிளிலேயே வந்திருக்குமே! அதை மறைத்துவிட்டு என்னைப் படித்தாயா, மூடினாயா என்று குறுக்கு விசாரணை வேறு. நிதானம் உன் பாஸ்வேர்டில் வேலை செய்தாரா? ஆமாம், இல்லை. ஒரே வார்த்தையில் பதில் போடு.

தம்பி

---

மார்ச் 15

தம்பிக்கு,

ஆமாம்.

அவளுக்கு லாகின் வேண்டும் என்று அக்டோபரிலேயே விண்ணப்பம் போட்டோம். போட்டோ அளவு சரியில்லை என்று திருப்பினார்கள். வேறு போட்டோ வைத்தோம், மேனேஜர் கையெழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது என்று திருப்பினார்கள். மூன்றாவது தடவை எந்த மேஜையில் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை. வாசல் வரைக்கும் வரிசை நிற்கிறது. அவள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் என் பாஸ்வேர்டைச் சொல்லி, "இப்போதைக்கு இதுல பாரு" என்றேன். அந்த இப்போதைக்கு ஐந்து மாதம் ஓடிவிட்டது.

பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று வருடா வருடம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். கொடுத்தால் வேலையிலிருந்தே எடுக்கலாம். ஏப்ரலில் என்னைத் தலைமை டெக்னீஷியன் ஆக்குவதாக இருக்கிறார்கள். பதினெட்டு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வளைந்த பிறகு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், காறித் துப்பு. 27-ஆம் தேதி அவளை வீட்டுக்கு அனுப்பியபோது வாசல் வரை கூடப் போனேன். "பாஸ்வேர்டு விஷயத்தை மட்டும் சொல்லிடாதம்மா, ரெண்டு பேர் வேலையும் போயிடும். லேபிளை என் தம்பி பாத்துக்குவான்" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். இன்று வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.



அக்கா

---

மார்ச் 17

அக்கா,

வந்துவிட்டது. இரண்டு கம்ப்யூட்டர், ஒரே லாகின். இங்கே ஒரு பெயரைத் திறந்தேன், அங்கே ஒரு பெயரைத் திறந்தேன், இங்கே திரும்பி வந்து பட்டனை அழுத்தினேன். அங்கே திறந்த பெயர் வந்தது. முதல் தடவையிலேயே.

"இப்போது திறந்திருக்கும் நோயாளி யார்" என்பதைப் புரோகிராம் கம்ப்யூட்டர் வாரியாக ஞாபகம் வைக்கவில்லை, லாகின் வாரியாக வைக்கிறது. ஒரே லாகினில் இரண்டு பேர் இருந்தால், கடைசியாக யார் திறந்தாரோ அவருடைய நோயாளிதான். நீ வேகமாகத் திறந்து, உடனே அழுத்திவிடுவாய், உனக்கு ஒன்றும் ஆகாது. அவர் திறந்துவிட்டு ஒரு நிமிடம் பெயரும் வயதும் கேட்டுக்கொண்டிருப்பார். அதற்குள் நீ அடுத்த ஆளைத் திறந்துவிடுவாய். அக்கா, அவர் சரிபார்த்ததால்தான் பெயர் மாறியிருக்கிறது. உன்னை மாதிரி அவசரக்காரியாக இருந்திருந்தால் அவருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

புரோகிராமில் அந்த இடத்தில் ஐந்து வருடத்துக்கு முன்னால் நானே ஒரு குறிப்பு எழுதிவைத்திருக்கிறேன். "ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கமாட்டார். பிறகு பார்க்கலாம்." பார்க்கவே இல்லை.

சரிசெய்துவிட்டேன். இனி வராது. 20-ஆம் தேதி உங்கள் லேபுக்கும் மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் போய்விடும். முதலாளியிடம் சொன்னேன். "சத்தம் போடாம அனுப்பிடு, எழுத்துல எதுவும் குடுக்காத" என்றார். உனக்கும் அதுதான் நல்லது. உன் லாகின் விஷயம் வெளியே வராது, ஏப்ரலில் உன் நாற்காலி உனக்கு. அவருக்கு வேறு ஏதாவது லேபில் நான் சொல்லிப் பார்க்கிறேன்.

தம்பி

---

மார்ச் 18

சீ! வெட்கமா இல்லை?

இனி வராதாம். இனி வராது என்றால் இதுவரைக்கும் வந்தது யார் தப்பு என்று ஆகும்? யோசித்தாயா? 24-ஆம் தேதி மேனேஜர் இரண்டு கம்ப்யூட்டரையும் போட்டுக் காட்டுவார். நூறு லேபிள் அடிப்பார்கள். நூறும் சரியாக வரும். "பாருங்க, மெஷின் நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். அவள் அதற்கு என்ன பதில் சொல்வாள்? நீ கோளாறைச் சரிசெய்யவில்லைடா, அவளிடம் இருந்த ஒரே சாட்சியைக் குழிதோண்டிப் புதைக்கிறாய்.

வேறு லேபில் சொல்லிப் பார்ப்பானாம். கவனக்குறைவால் வேலை போனவளை எந்த லேப் ரத்த சாம்பிளைத் தொட விடும்?

ஆத்திரத்தில் எழுதுகிறேன், ஆனால் உன்னை மட்டும் திட்டவில்லை. உன் கடிதத்தின் கடைசிப் பாராவைப் படித்ததும் எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, தப்பித்தேன் என்றுதான் நினைத்தேன். அதன் பிறகுதான் கோபம் வந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

மற்ற ஆஸ்பத்திரிகளுக்கு இன்றைக்கே அனுப்பு, அங்கே யார் யார் யாருடைய பாஸ்வேர்டில் இருக்கிறார்களோ தெரியாது. எங்களுக்கு மட்டும் 24 முடியும் வரை அனுப்பாதே. இரண்டாம் கவுண்டர் பூட்டிக் கிடக்கிறது, சாவி என்னிடம். யாரும் அங்கே உட்காரமாட்டார்கள். நடந்ததை எல்லாம் விசாரணைக் குழுவுக்கு நானே எழுதிக்கொடுக்கப்போகிறேன்.

அக்கா

---

மார்ச் 19

அக்கா,

எழுதிக்கொடுத்தால் என்ன ஆகும் தெரியும்தானே? அம்மா உன்னோடு இருக்கிறாள். முட்டிக்கு ஆபரேஷன் என்று சொன்னது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே, அம்மாவே போன் போட்டாள். நன்றாக யோசி.

இல்லை, வேண்டாம். யோசிக்காதே. யோசித்தால் நாம் இரண்டு பேருமே எழுதமாட்டோம்.

உங்களுக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டேன். முதலாளி கத்தினார். நானும் கத்தினேன். கத்துவது நம் வீட்டுச் சொத்து என்று உனக்குத் தெரியாதா என்ன.

தம்பி

---

மார்ச் 20

தம்பிக்கு,

விசாரணைக் குழுவுக்கு இன்று காலை கொடுத்ததன் நகலைக் கீழே வைத்திருக்கிறேன். நீ கேட்ட வரிசையில்தான் எழுதியிருக்கிறேன். நான்கு தடவை கிழித்துப்போட்டேன், ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றை விட்டிருந்தேன்.

"அக்டோபர் 14 அன்று என் பாஸ்வேர்டை இரண்டாம் கவுண்டர் பணியாளருக்கு நானாகக் கொடுத்தேன். அவர் கேட்கவில்லை. அன்றிலிருந்து இரண்டு கம்ப்யூட்டரும் என் பெயரில்தான் ஓடின.

பிப்ரவரி 26, காலை 11:20. அவர் இரண்டாம் கவுண்டரில் தன் நோயாளியின் எண்ணை அடித்தார். பெயர் சரியாக வந்தது. அவர் பெயரையும் வயதையும் கேட்டுக்கொண்டிருந்தபோது, முதல் கவுண்டரில் நான் டீச்சரின் பெயரைத் திறந்தேன். அவர் பட்டனை அழுத்தினார்.

வந்திருக்க வேண்டியது அவருடைய நோயாளியின் பெயர். வந்தது நான் திறந்த பெயர்.

இதை அவர் ஜனவரி 16 அன்றே எழுத்தில் தெரிவித்திருக்கிறார். அவருக்கென்று லாகின் இல்லாததால் அது என் பெயரில் போனது, என் பெயரைப் பார்த்ததால் யாரும் படிக்கவில்லை. பிப்ரவரி 27 அன்று பாஸ்வேர்டு விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று அவரைக் கேட்டுக்கொண்டவள் நான். மேலே சொன்னபடி செய்தால் உங்கள் கண் முன்னாலேயே இது மறுபடியும் வரும். இரண்டாம் கவுண்டர் சாவியை இத்துடன் வைத்திருக்கிறேன்."

நாற்காலி மேல் ஏறி முள்ளைத் திருகினேன். ஆணி பெயர்ந்து விழுந்தது. கடிகாரத்தைச் சொல்கிறேன். அதையும் வாங்கிக்கொள்.

அக்கா

---

மார்ச் 22

அக்கா,

புகார் எண் 212-ஐ மறுபடி திறந்துவிட்டேன். பழைய பதிலை அடித்துவிட்டு இப்படி எழுதியிருக்கிறேன்: "வரவைத்துப் பார்த்தோம். வந்தது. இதை ஜனவரி 16 அன்று படிக்காமல் மூடியவன் நான்." கீழே என் பெயர் போட்டிருக்கிறேன். அதை அச்சடித்து, கம்பெனி முத்திரை வைத்து, உங்கள் விசாரணைக் குழுவுக்கு அனுப்பியாகிவிட்டது. முத்திரை முதலாளியின் மேஜை மேல் இருந்தது. அவரைக் கேட்கவில்லை.

கடிகாரத்துக்கு நன்றி. முதுகு கொஞ்சம் தேவலை.

தம்பி

---

மார்ச் 25

தம்பிக்கு,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

நிதானத்தை இரண்டாம் கவுண்டரில் உட்காரச் சொன்னார்கள். விசாரணை அதிகாரியே நோயாளியாகப் பதிந்துகொண்டு நோயாளி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் எண்ணை அடித்தாள். "உங்க பேரை நீங்களே சொல்லுங்க சார்" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை, அவர் சொல்லும்வரை காத்திருந்தாள். வயதைக் கேட்டாள், தெருவைக் கேட்டாள். அதற்குள் நான் முதல் கவுண்டரில், அதே மாதிரி பதிந்திருந்த மேனேஜரின் பெயரைத் திறந்தேன். அவள் பட்டனை அழுத்தினாள். வந்த லேபிளை இரண்டு தடவை படித்தாள். அதிகாரியின் உள்ளங்கையில் ஒட்டினாள். அதில் மேனேஜரின் பெயர் இருந்தது.

அவள் பெயரில் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார்கள். எனக்கு இரண்டு மாதம் வேலை இல்லை, சம்பளம் இல்லை. தலைமை டெக்னீஷியன் பதவி இனி என் ஆயுசுக்கு இல்லை. பரவாயில்லை என்று பெருந்தன்மையாக எழுதத்தான் ஆசை. பரவாயில்லை என்று இல்லை. நேற்று குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வாசலில் அவளிடம் பேசப் போனேன். "எனக்காக உங்க வேலையை விட்டுக்குடுத்தீங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் உங்களுக்காக இருபத்தஞ்சு நாள் திருடி மாதிரி வீட்டுல உக்காந்திருந்தேன். அதை யாராவது சொன்னாங்களா?" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், அவளுக்கு எதையும் மெதுவாகத்தான் செய்யத் தெரியும். அதற்கு மேல் என் முகத்தைப் பார்க்கவில்லை. தையல்காரியைப் பார்க்க வார்டுக்குப் போய்விட்டாள். எனக்குத் தேவைதான்.

இன்று காலை அவளுக்குச் சொந்த லாகின் வந்துவிட்டதாம். ஐந்து மாதம் கிடைக்காதது ஒரே நாளில்! நீ அனுப்பிய புதுப் புரோகிராமும் வந்துவிட்டது. அதில் என்னவோ கண்ணில் பட்டிருக்கிறது போல, மத்தியானத்திலிருந்து கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து ஒரு தாளில் குறித்துக்கொண்டிருக்கிறாள் என்று லேபில் சொன்னார்கள். சாயங்காலத்துக்குள் உனக்கு ஒரு புகார் வரும். இந்தத் தடவை அவள் பெயரிலேயே வரும். நீளமாகத்தான் இருக்கும்.

முழுசாகப் படி.

அக்கா